நான் அழித்த பட்டை

இன்று அலுவலக அலமாரியைக் காலி செய்தபோது, ஓரத்தில் துளைகள் வரிசையாக ஓடும் பழைய அச்சுத்தாள் ஒன்று கிடைத்தது. நடுவே ஒரு கோடு; அதன் இருபுறமும் பென்சிலால் நீ நிரப்பிய சாம்பல் பட்டை. நீ போய் மூன்று ஆண்டாகிறது. ஆனாலும் அந்தத் தாளின் பக்கத்தில் உட்காரக் கூசியது.

கோவில்பட்டியில் ஒரே கல்லூரியில் படித்தோம். நீ நாகலாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாய். இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி இருவருக்கும் வெளியூரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. சூரியனிலிருந்து கிளம்பும் புயல் பூமியின் காந்தப்புலத்தை எவ்வளவு குலைக்கும் என்று கணினி மாதிரியை வைத்து முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மாதிரி ஒருமுறை ஓடி முடிக்க நான்கு நாளாகும். புயலோ அதற்குள் வந்து போய்விடும். நீதான் வழி கண்டாய். சில முறை மட்டும் ஓட்டி, கிடைத்த விடைகளிலிருந்து மற்றவற்றைப் புள்ளியியலால் ஊகித்தாய். நொடியில் விடை வந்தது. அது எவ்வளவு பிசகலாம் என்பதும் கூடவே வந்தது. அதுதான் அந்தப் பட்டை.

எங்கள் தலைவருக்குப் பட்டை பிடிக்கவில்லை. "இவ்வளவு அகலமா? நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நாமளே சொல்ற மாதிரி இருக்கு. பழைய அளவீட்டோட கோடு பொருந்தினா போதும்."

"மாதிரியிலயே கோளாறு இருக்கு சார்," என்றாய். "அத ஒத்துக்கிடாம எண்களை மட்டும் திருகினா பழைய புயலுக்குப் பொருந்தும். வரப்போறதுக்குப் பொருந்தாது."

அன்று சாப்பிடும்போது என்னிடம் பொருமினாய். "ஏட்டி, மானாவாரிக்கு விதைக்கையில எங்கய்யா இன்ன தேதிக்கு மழைன்னா சொல்லுதாவ? முன்னப்பின்ன ஆகும்னு தெரிஞ்சுதான விதைக்காவ?"

மறுநாள் தலைவர் என்னைத் தனியே அழைத்தார். என் வேலை நிரந்தரமாகப் போகிற நேரம். கட்டுரைக்கான படத்தில் பட்டையை அழித்து, கோட்டை மட்டும் வரைந்து கொடுத்தேன். கட்டுரை வெளிவந்தது, என் பெயர் இருந்தது, உன் பெயர் இல்லை. நீ சண்டை போடவில்லை. அடுத்த மாதமே ஊர் திரும்பி, விளாத்திகுளத்தில் கணக்கு டீச்சரானாய்.

பிறகு ஒரு பெரும்புயல் வந்தது. அளவீடு என் கோட்டை விட்டு வெகுதூரம் இறங்கியது. உன் பழைய கணினி நிரலை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். பட்டைக்குள் அடங்கியிருந்தது. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பொங்கலுக்குக் கோவில்பட்டி பஸ் நிலையத்தில் எதிர்ப்பட்டாய். நீயாகவே கேட்டாய்.

"அந்தப் புயல் என்னாச்சுட்டி?"

"உன் பட்டைக்குள்ளதான் இருந்துச்சு."

"நீ வரைஞ்ச கோடு அழகாத்தான் இருந்துச்சு. சூரியனுக்குத்தான் அது தெரியாமப் போச்சு."

நீ சிரிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "பஸ் வந்துட்டு, வாரேன்" என்று ஏறிவிட்டாய். அதன்பின் உன்னை நான் உயிரோடு பார்க்கவில்லை. கயத்தாறு பக்கம் உன் வண்டியில் லாரி மோதியதை ஊர்க்காரர் ஒருவர்தான் போனில் சொன்னார்.

துக்க வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஊருத் தண்ணி ஒத்துக்கிடலன்னு வந்துட்டா. போகாதன்னு நீ எம்புட்டோ சொல்லி அழுதியாம்லா தாயி. எல்லாம் சொல்லியிருக்கா."

உன்னைத் தடுக்க நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாயா, உன் அவமானத்தை மறைக்க அப்படிச் சொன்னாயா, இனி யாரைக் கேட்பேன்?

அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா" என்றேன். இன்றுவரை என்னோடு வருவது அந்த ஒரு சொல்தான்.