மோட்டார் சாவி என்னிடம்

கணவன் ராஜசேகரன் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தனலெட்சுமி நேற்றைய நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் கிழியுமளவு பேனாவை அழுத்தி எழுதினாள்:

"மோட்டார் சைக்கிள் சாவியத் தேடாதீங்க, என்கிட்ட இருக்கு. டயாலிசிஸ் சென்டருக்கு நிதி சேர்க்கிற ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தது நான். நேத்துதான் முதல் நாள் பயிற்சி. நீங்க மோட்டார்ல பின்னாலயே ஹாரன் அடிச்சிக்கிட்டு வந்ததுல பெக்கான் நானாஸ் ஊரே வேடிக்கை பார்த்துச்சு. மீன் கடை அக்கா, 'வீட்டுல சண்டையா? ஏறு, அம்மா வீட்டுல விடுறேன்'னு கார நிறுத்துறாங்க! பாதி வழியில தே தாரிக் டீப் பொட்டலத்த வேற நீட்டுறீங்க. நான் என்ன நீங்க மேய்ச்சலுக்கு ஓட்டிக்கிட்டுப் போற ஆடா?

பசியாற நாசி லெமாக் மேசை மேல இருக்கு."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் பொடி எழுத்தில் நெருக்கினாள்:

"அன்னாசித் தோட்டத்து முனையில துரத்துற அந்த ரெண்டு நாய் நிக்கும். ஏழரைக்கு அங்க வாங்க. நடந்து வாங்க. உங்க சப்பாத்த கதவுகிட்ட வச்சிருக்கேன். வாயால ஹாரன் அடிச்சீங்கன்னா, நாயே பரவால்லன்னு அதுங்க பக்கமே ஓடிருவேன்."