என்னைக் கேட்டுக்கொண்டு செய்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மில் விடுதியில் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை, போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். என் வாண்டு உன்னிடம் இருப்பதால்தான் தறி முன்னால் நிம்மதியாக நிற்கிறேன். ஆனால் ஒரு வருத்தம். சளிக்கு ஊசி போட்டு அவளுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனதாமே. யாரைக் கேட்டுப் போட்டாய்? பெற்றவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். இனி அவளுக்கு எதுவானாலும் என்னைக் கேட்டுக்கொண்டு செய். கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கை

ஜூலை 19

அன்புத் தங்கைக்கு,

பதறாதே, வாண்டு கண் விழித்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் குளிர்க்காய்ச்சல் வந்தது. மறுநாள் தணிந்து, தெருவில் ஓடி விளையாடினாள். அதற்கடுத்த நாள் மறுபடி நடுக்கம். உன்னைக் கேட்க மில்லுக்குப் போன் செய்தேன். "வேலை நேரத்துல கூப்பிட முடியாதும்மா" என்று சூப்பர்வைசர் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டாலும் அதே பதில்தான். சுகாதார நிலையம் கால்வாய்க்கு அக்கரையில்தான் இருக்கிறது. போயிருக்கலாம். கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, சேதி தெரிந்து நீ கூப்பிடுவாய் என்று உட்கார்ந்திருந்தேன். வலிப்பு வந்த பிறகுதான் அக்கரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அங்கே நர்ஸம்மா விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மலேரியாம்மா. முதல்லயே வந்திருந்தா மாத்திரையோட போயிருக்கும். எதுக்குக் காத்திருந்தீங்க?" என்றாள். என்னத்தைச் சொல்வேன்? உன் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை. அங்கிருந்துதான் ஆம்புலன்ஸில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

வாண்டுக்கு இடது கை இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை. போகப் போகச் சரியாகலாம் என்கிறார்கள். என்னை மன்னிப்பாயா?

உன் அக்கா

ஆகஸ்ட் 2

அக்கா,

லீவு போட்டு ஓடிவந்து உன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் சொல்ல வாய் வரவில்லை. நீயும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் அழுதேன்.

மன்னிப்பு நானல்லவா கேட்க வேண்டும்? என் வாய்க்கொழுப்பு உன் காலைக் கட்டிப்போட்டுவிட்டது. ஒரு தடிப்புக்காக உன்னை அப்படி ஏசாமல் இருந்திருந்தால், முதல் நடுக்கத்துக்கே அவளைத் தூக்கிக்கொண்டு கால்வாயைத் தாண்டியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? இனி என்னை எதுவும் கேட்காதே அக்கா. நீ எது செய்தாலும் சரி. அவள் உன் பிள்ளை.

பாவி, உன் தங்கை

ஆகஸ்ட் 20

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நர்ஸம்மா வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். மருந்தை ஒரு வேளை விடாமல் கொடுத்து முடித்தாயிற்று. வாண்டு இடது கையால் தட்டைப் பிடிக்கப் பார்க்கிறாள். கீழே போட்டால் தட்டைத்தான் திட்டுகிறாள். சிரிப்பு வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது.

அவளுக்கு முன்முடி வளர்ந்து கண்ணில் விழுகிறது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

வெட்டட்டுமா? எழுது, காத்திருக்கிறேன்.

உன் அக்கா