ரப்பியின் ஒழுகாத கூரை

ரப்பி, உங்கள் கடவுளை நான் ஒருமுறை ஏமாற்றியிருக்கிறேன். என் கடவுளை ஏமாற்றியது தனிக் கதை. அதை அவரோடு பேசிக்கொள்கிறேன்.

இன்று காலை உங்கள் மனைவியிடமிருந்து தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. வாராவாரம் உங்கள் வேதமான தோராவின் வாசிப்பைப் பற்றியும் பண்டிகைகளைப் பற்றியும் நீங்கள் எழுதிவைத்துப் போனவற்றை அவர் புத்தகமாக்கப் போகிறாராம். நம் ஈப்போவைப் பற்றிய பகுதியில் தவறு இருந்தால் சொல்லும்படி ஒரு குறிப்பு. தாளைப் பிரித்ததும் உங்கள் புகையிலை வாசனை.

உங்கள் மனைவி நம் சுண்ணாம்புக் குகைகளை ஆராய வந்த அந்த ஓராண்டு, நீங்கள் என் பக்கத்து வீட்டுக்காரர். வேலிக்கு அந்தப்புறம் யூத குரு ஒருவர் குடியிருக்கும் செய்தியைப் பக்கத்து ஊர் செமோர் வரைக்கும் பரப்பியவன் நான்தான். வியாழக்கிழமைகளில் எழுதியதை வேலியோரம் எனக்குப் படித்துக் காட்டுவீர்கள். நான் சிரித்த இடம் தங்கும். கொட்டாவி விட்ட இடம் அடிபடும். பாலைவனத்தில் கட்டிய வழிபாட்டுக் கூடாரத்துக்கு எத்தனை திரை, எத்தனை கொக்கி என்று வரும் பகுதியில் தூங்கியே போனேன். "என் சபையும் அங்கேதான் தூங்கும் அண்ணே" என்றீர்கள். எங்கள் தாமான் குடியிருப்பே என்னை அண்ணே என்றதால், எழுபது வயதில் நீங்களும் அப்படியே கூப்பிட்டீர்கள். இப்போதும் கோயில் கூட்டங்களில் நான் கொட்டாவியை மறைப்பதில்லை. பேசுகிறவர் திருத்திக்கொள்ளட்டும்.

பிறகு கூடாரப் பண்டிகை வந்தது. அலைந்து திரிந்த முன்னோர்களை நினைத்து ஏழு நாள் ஓலைக் குடிசையில் சாப்பிட வேண்டும். பந்தல் போட எங்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? ஆயர் தாவாரிலிருந்து என் மச்சான் லாரியில் செம்பனை ஓலை கொண்டுவந்து இறக்கினான். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு லா கல்யாணம்? எனக்குச் சொல்லவே இல்ல."

"ரப்பிக்குத்தான் அக்கா. பொண்ணு பாத்தாச்சு."

உங்கள் மனைவிதான் அதிகம் சிரித்தார்.

நீங்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "மழை வந்தால் உள்ளே சொட்டணும் அண்ணே. ஓலையைத் தவிர மேலே வேறெதுவும் கூடாது. இருந்தால் குடிசை செல்லாது."

மச்சான் என்னைத் தனியே இழுத்தான். "ஒழுகுற கூரை போட்டுக் குடுத்தா நம்ம பேரு என்னாவுறது? பெரியவரு நனைஞ்சு சளி புடிச்சா?"

தோட்டத்து லயத்து வீட்டில் ஒழுகிய தகரத்துக்காக, வேலை வாங்கும் மண்டோரோடு மல்லுக்கட்டிய பரம்பரை எங்களுடையது. கை சும்மா இருக்குமா? இரண்டு அடுக்கு ஓலைக்கு நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை விரித்துவிட்டோம். நட்சத்திரம்கூடத் தெரிந்தது. நீங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பாடினீர்கள். நான் பம்பளிமாஸ் பழத்தைக் கட்டித் தொங்கவிடும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது அதைப் பற்றி நீங்கள் எழுதிய தாள் என் மேசையில் இருக்கிறது. "ஈப்போவில் மழை மாதம். ஏழு நாளும் என் தட்டில் ஒரு சொட்டு விழவில்லை. அற்புதங்களைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேசியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது இது ஒன்றுதான்."

உண்மையை எழுதினால் உங்கள் ஒரே அற்புதம் போய்விடும். பண்டிகையும் கூடவே போகும். எழுதாவிட்டால் என் பிளாஸ்டிக் வேத விளக்கத்தில் ஏறிவிடும். மத்தியானம் வரை உங்கள் மனைவிக்குக் கடிதம் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். கடைசியில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"தண்ணி கட்டாகி, ரப்பி வூட்டுத் தொட்டியிலேர்ந்து நான் வாளி வாளியா தூக்குனேனே, அந்த வாரந்தானே? ஏழு நாளும் மழையே பெய்யலயேங்க."

அந்தப் பிளாஸ்டிக் நனையவே இல்லை, ரப்பி.