வெள்ளிக்கிழமை மவுல்டாஷன்

அண்ணா, என் ராசா அண்ணா,

பெட்டி இன்னும் மூடியபாடில்லை. அடுக்குகிறேன், பிறகு எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் கொட்டுகிறேன். உங்கள் மச்சான் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் தேத்தண்ணி போடப் போய்விடுகிறார். இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவருக்கு எப்போது பேசக்கூடாது என்று தெரியாதா?

இங்கே மெல்பேர்னில் எங்கள் ஸ்பிரிங்வேல் கடைத்தெருவுக்குப் பச்சை மிளகாய் வாங்கப் போய் வாழைப்பூவோடு திரும்பி வந்தேன். எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இருந்தால் எழும்பத் தோன்றுகிறது. எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை.

இந்தப் பயண டிக்கெட் நீங்கள் உயிரோடு இருக்கும்போது எடுத்தது. "வாற உயிர்த்த ஞாயிறுக்கு நீ இஞ்ச நிக்கிறாய் பிள்ளை. இனிச் சாட்டுச் சொல்ல ஏலாது" என்று ஃபோனில் கத்தினீர்கள். நானும் எடுத்தேன். கார்த்திகையில் நீங்கள் போய்விட்டீர்கள். அப்போது நான் முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்தேன். உங்கள் அடக்கத்தை ஃபோனில்தான் பார்த்தேன். அதுவும் நின்று நின்று வந்தது. இப்போது அந்த டிக்கெட்டின் நாள் நெருங்கிவிட்டது. நீங்கள் இல்லாத ஸ்டுட்காட்டில் எனக்கு என்ன வேலை?

மற்றவர்களின் அண்ணன்மார் ஜெர்மனியைப் பற்றிக் கோட்டை, ஆறு, மலை என்று சொல்வார்கள். மன்னாரிலிருந்து அகதியாகப் போய், போன நாளிலிருந்து உணவகக் குசினியில் நின்ற நீங்கள் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. ஞாயிறு பூசை முடிந்து நீங்கள் ஃபோன் எடுக்கும்போது இங்கே பொழுது சாய்ந்துவிடும். ஒவ்வொரு கிழமையும் ஓர் ஊர். மியூனிக் உங்கள் வாயில் முன்சன்.

"முன்சனில வெள்ளை சொசேஜ் கேள். மத்தியானத்துக்கு முன்னம் கேக்கோணும். தோலை உரிச்சுப்போட்டு இனிப்புக் கடுகில தொட்டுச் சாப்பிடு. தோலோட விழுங்கினா ஊரே உன்னைத்தான் பார்க்கும்." ஹம்பேர்க்கில் மாலுமிகளின் சாப்பாடாம். உப்பு மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் பீட்ரூட்டையும் மசித்து, மேலே முட்டை பொரித்துப் போடுவார்களாம். "பார்த்தா வயித்தைப் பிரட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வை, பிறகு கோப்பையைத் தரமாட்டாய்." தூரிங்கனில் உருளைக்கிழங்கு உருண்டை. "எங்கட கொழுக்கட்டை மாதிரித்தான் இருக்கும். உள்ளுக்க சக்கரை தேடாதை, பொரிச்ச பேக்கரிப் பாண் துண்டுதான் கிடக்கும்." பிராங்க்பேர்ட்டில் பெரிய வியாழனுக்குப் பச்சை சோஸ், அவித்த முட்டையோடு. ஓர் ஊர்ச் சாப்பாட்டை இன்னோர் ஊரில் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். நான் மெல்பேர்னில் ஏதோ ஒரு கடையில் சொசேஜ் வாங்கித் தின்றேன் என்று சொன்னதற்கு, ஒரு கிழமை பேசாமல் இருந்த மனிசன் அல்லவா நீங்கள்?

ஆனால் முதல் சாப்பாடு உங்கள் ஸ்டுட்காட்டுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பீர்கள். மவுல்டாஷன். மாவுத் தகட்டுக்குள் கொத்திறைச்சி, கீரை, ஊறவைத்த பாண், வெங்காயம், ஒரு துளி சாதிக்காய். மடித்து, எலும்புச் சூப்பில் விட்டுக் கொடுப்பது. தவக்காலத்தில் இறைச்சி தின்ன ஆசைப்பட்ட துறவிகள், ஆண்டவர் கண்ணில் படாமல் மாவுக்குள் ஒளித்து வைத்தார்களாம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நீங்களே முதலில் சிரித்துவிடுவீர்கள். பெரிய வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க நீங்கள் சமைத்த கடையில் அதற்குத்தான் வரிசை நிற்கும்.

அந்த மவுல்டாஷனைப் போன கிழமை நான் இங்கே செய்தேன், அண்ணா. ஏன் செய்தேன்? கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. வியட்நாம்காரர் கடையில் மாவுத் தகடு வாங்கினேன். நீங்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். இறைச்சியைக் கொத்தி, கீரையைப் பிழிந்து, பாதி உருண்டை, பாதி சதுரமாக மடித்து, சூப்பில் விட்டு, கோப்பையில் ஊற்றி, கரண்டியைத் தூக்கினேன்.

"இஞ்சரும்" என்றார் உங்கள் மச்சான். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

தவக்காலத்து வெள்ளி. அம்மாவின் வீட்டில் அன்று மீன்கூடச் சமைப்பதில்லை. புத்தி தெரிந்த நாளிலிருந்து வெள்ளியில் இறைச்சி ஒதுக்கும் சுத்தபோசனம் தவறாத நான், நாளே தெரியாமல் இறைச்சி கொத்தியிருக்கிறேன். மனசு எங்கே கிடக்கிறது பாருங்கள். ஒளித்து வைத்துத் தின்னும் சாப்பாடுதான் என்று அந்தத் துறவிகள் சொல்வார்கள். நீங்கள் சொன்னதுதான் எனக்கு நினைவு வந்தது.

ஒரு தவக்கால வெள்ளியில் உங்கள் கடை முதலாளியம்மாவும் துறவிகள் மாதிரியே சொன்னாவாம். "மாவுக்குள்ளதானே இருக்கு, ஆண்டவருக்குத் தெரியாது. ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பாய்?" நீங்கள் சொன்ன பதில்: "அவருக்குத் தெரியாட்டிலும், உள்ளுக்க வைச்சது நான்தானே." அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் உப்புப் பார்த்தது உங்கள் மகள் லீனா. சின்னப் பிள்ளைக்குச் சுத்தபோசனம் இல்லையே. பள்ளிக்கூடம் முடிந்து பையோடு குசினிக்கு வருவாள். ஒரு கரண்டி சூப்பை ஊதி ஊதிக் கொடுப்பீர்கள். அவள் தலையை ஆட்டினால்தான் பானை வெளியே போகும். "என்ர நாக்கு என்ர மோளிட்ட இருக்கு" என்று என்னிடம் பெருமையடித்தீர்கள்.

நான் கோப்பையை மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். சனிக்கிழமை சூடாக்கிச் சாப்பிட்டோம். "நல்லாத்தான் இருக்கு" என்றார் உங்கள் மச்சான். அப்படிச் சொன்னால் நன்றாக இல்லை என்று அர்த்தம். எனக்கும் ஒரு ருசியும் பிடிபடவில்லை. உப்புக் குறைவா, வாய் செத்துப்போனதா? ஆரிடம் கேட்பது?

லீனாவுக்கு வீடியோவில் ஃபோன் எடுத்தேன். உண்மையைச் சொன்னால், நான் வரவில்லை என்று சொல்லத்தான் எடுத்தேன். அண்ணியும் இல்லை, நீங்களும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நான் ஏன் பாரமாக என்று வசனம்கூடத் தயார்பண்ணி வைத்திருந்தேன். ஆனால் அவள் முகத்தைக் கண்டதும் வேறு ஏதோ வந்துவிட்டது.

"லீனா, அப்பான்ர மவுல்டாஷனுக்கு உப்பு எவ்வளவு?"

"மாமி, அது வாயில வைச்சாத்தான் தெரியும். ஃபோனில எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப இப்ப எங்க வாங்கிச் சாப்பிடுறனி?"

அவளுடைய தமிழ் உங்களுக்குத் தெரியும், சொல்லைத் தேடித் தேடித்தான் வரும்.

"நான் சாப்பிடுறேல்ல மாமி. அப்பா போனதில இருந்து. இஞ்ச எல்லா இடத்திலயும் விக்குது. ஸ்டேஷனில, சுப்பர்மார்க்கட்டில. நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போறனான்."

அண்ணா, எனக்குச் சாப்பாடு காட்ட அங்கே ஆளில்லை என்று இத்தனை நாளும் என்னைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே உங்கள் பிள்ளை தன் ஊர்ச் சாப்பாட்டையே ஒதுக்கிவிட்டுத் தனியாகத் திரிகிறாள். வரவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

"நான் வாறன்" என்றேன். "உயிர்த்த ஞாயிறுக்கு நான் சமைக்கிறன். வெள்ளிக்கிழமையே இறைச்சியைக் கொத்தி வைப்பம்."

"வெள்ளிக்கிழமை நீங்க உப்புப் பாக்கமாட்டீங்களே?"

"நீயும் இப்ப சின்னப் பிள்ளை இல்லை."

"நான் சேர்ச்சுக்கே போறேல்ல மாமி. நான் பாக்கலாம்" என்று சிரித்தாள். அதற்கு நான் ஏச வேண்டும், அண்ணா. உங்களுக்குப் பதிலாக ஏச வேண்டியவள் நான்தான். ஆனால் அந்தச் சிரிப்பில் உங்கள் முன்பல் தெரிந்தது. நேரில் வந்து ஏசுகிறேன்.

பெட்டியை இன்னும் மூடவில்லைதான். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். விமானத்தில் ஏறும்வரை இப்படித்தான் எடுத்துக் கொட்டிக்கொண்டிருப்பேன் போலிருக்கிறது. முன்சனும் ஹம்பேர்க்கும் பிறகு பார்க்கலாம். லீனாவுக்கு லீவு கிடைத்தால் அவளே கூட்டிப்போவாள். நான் தோலை உரித்துத்தான் சாப்பிடுவேன், உங்கள் மானத்தை வாங்கமாட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் வீட்டுக் குசினியில், உங்கள் பானையில் சமைப்பேன். முதல் கரண்டியை நான் ஊதிக் கொடுப்பேன். "உப்புக் காணாது மாமி" என்று அவள் சொன்னால் இன்னும் கொஞ்சம் போடுவேன், என் வாயில் ஒன்றும் படாது. அவள் போதும் என்று தலையை ஆட்டட்டும். பிறகு உயிர்த்த ஞாயிறன்று நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுவோம்.

உங்கள் தங்கச்சி,
லீனாவின் மாமி,
ஜெசி