கொழும்பான் அடித்த பெனால்டி

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்: மாதா கோவிலில் உன் முப்பதாம் நாள் பூசையில் நான் அலறிவிட்டேன். நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, பாட்டுக்காரர்கள் பாதியில் நிறுத்த, சாமியார் என்னை முறைக்க, அப்படியோர் அலறல். பின்னே, செத்து முப்பது நாள் ஆனவன் பக்கவாசல் வழியாக உள்ளே வந்தால் என்ன செய்வது? அதே ஏறுநெற்றி. அதே உள்வாங்கி நடக்கும் இடதுகால்.

“செத்தவரு நிம்மதியாப் படுத்திருக்காரு. நீங்கதான் பேய் புடிச்சமாதிரி கத்துதீக” என்றாள் என் வீட்டுக்காரி, வெளியே வந்ததும்.

வந்தது உன் தம்பி. நீர்கொழும்பில் தந்தி கிடைத்து, தலைமன்னாரில் கப்பலேறி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதால் முப்பதுக்கு வந்திருக்கிறான். அவனை இதற்கு முன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், இரண்டு கோல் கம்பங்களுக்கு நடுவில்.

ஏழு வருஷம் இருக்குமா? மாதா கோவில் திருவிழாவுக்கு வந்த நீர்கொழும்பு மீனவர்கள் ஓர் அணியாகத் திரண்டு நம் கிளப்போடு கால்பந்து ஆட வந்தார்கள். இலங்கையில் அந்த வருஷம் அரசியல் சட்டத்தையே மாற்றியிருந்தார்கள். தமிழனுக்கு இனி அங்கே என்ன கதி என்று நம் கடைத்தெருவில் தினமும் கூட்டம். நானும் இரண்டு கூட்டத்தில் பேசி, தொண்டை கட்டி, கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொண்டையோடுதான் கிளப் செயலாளர் என்ற முறையில் மைக்கைப் பிடித்தேன்.

பட்டியலை வாசித்தபோதே தடுமாற்றம். அவர்களில் ஆறு பெர்னாண்டோ, நம்மில் ஐந்து. “அண்ணாச்சிமாரே, சிங்களப் பெர்னாண்டோவுக்கும் தமிழ்ப் பெர்னாண்டோவுக்கும் சண்டை, அடையாளம் வேணும்னா சட்டையைப் பாத்துக்கிடுங்க!” என்றேன். நல்ல சிரிப்பு. நீ மட்டும் சிரிக்கவில்லை. நீர்கொழும்பில் பிறந்தவன் என்பதால் ‘கொழும்பான்’ என்று நாங்கள் கூப்பிடும்போது சிரிப்பவன்தான் நீ.

கடைசி நிமிஷம். அவர்கள் ஒரு கோல் முன்னால். நமக்குப் பெனால்டி. பந்தை வைத்துவிட்டு நீ கோல்கீப்பரையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் சும்மா இருந்தேனா?

“நம்ம கொழும்பான் இப்பச் சிங்களவனுக்குப் பாடம் எடுக்கப் போறாம்லே!”

அடித்தாய். கோல்கீப்பர் ஒரு பக்கம் விழ, பந்து மறுபக்கம் கம்பத்தை ஒட்டிப் பறந்து கூட்டத்துக்குள் போனது. வெளியே என்று விசில். அடுத்த நொடி அந்தக் கோல்கீப்பர் எழுந்து, “அண்ணே!” என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடிவந்து உன்னைக் கட்டிப்பிடித்தான்.

அம்மா செத்தபின் நீ இங்கே அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டதும், கைக்குழந்தையாக அப்பாவோடு தங்கிய தம்பி சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்துச் சிங்களவனாகவே வளர்ந்ததும், திருவிழாவுக்கு வந்த இடத்தில் உன்னைத் தேடிப் பிடித்திருந்ததும் பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மைக் என் கையில் இருந்தது என்பதுதான்.

“ரத்தம் ரத்தத்துக்கு விட்டுக்கொடுத்துட்டுதுலே!”

அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. மறு வாரமே உன்னைக் கிளப்பிலிருந்து நீக்கிக் கடிதம் போனது. எழுதியவன் நான்தான். நீ பனியனைத் துவைத்து, மடித்துக் கொண்டுவந்து தந்தாய்.

“நேராத்தாம்லே அடிச்சேன்” என்றாய்.

“நேரா அடிச்சா உள்ளல்லா போயிருக்கும்?” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வைக்காமல் என்னால் இருக்க முடியாதே!

அதற்குப் பிறகு நீ பந்தைத் தொடவில்லை. எழுபத்தேழில் அங்கே கலவரம் வந்தபோது டீக்கடையில் ஒருவன், “ஒந் தம்பிமாரு என்ன செய்யுதாம் பாத்தியாலே?” என்றான். நீ பாதி டீயை வைத்துவிட்டுப் போனாய். நான் என் டீயைக் குடித்து முடித்தேன். கொஞ்ச நாளில் நான் கதையையே மாற்றினேன். துரோகம் போய்ப் பாசம் வந்தது. அண்ணன் தம்பிக்காகத் தோற்ற கதையைக் கல்யாண வீடுகளில் சொல்லி அழவைத்தேன். எப்படிச் சொன்னாலும் கைதட்டு எனக்கு, பேர் கெட்டது உனக்கு.

பூசை முடிந்து உன் வீட்டில் சாப்பாடு. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கதையை அவனுக்கே சொன்னேன். அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டான்.

“விட்டுக்குடுக்க இல்ல. அது கோல்.”

“என்னது?”

“உள்ளுக்குப் போனது. வலையில ஓட்டை. ஓட்டையால வெளிய போனது. நான் கண்டேன்.” அவனுடைய தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது. “அண்ணன் கோல் போட்ட சந்தோஷம். அதுக்குத்தான் ஓடிக் கட்டிப்பிடிச்சது. பிறகு விசில். எங்கட ஆள்கள் வென்றதெண்டு குதிக்கிறாங்கள். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் சொல்லுவேன் எண்டு.” சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினான். “நான் சொல்ல இல்ல.”

பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினேன். ஏழு வருஷம். வலையைப் போய்ப் பாருங்கள் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தம்பி பொய்யன் ஆவான் என்று துரோகிப் பட்டத்தை நீயே வைத்துக்கொண்டாயா? கேட்க இனி ஆளில்லை. சிரிக்க வைக்க ஒரு வரி தேடினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் வரவில்லை. இன்னமும் வரவில்லை.

தம்பிக்கு இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும். அன்று காலை அந்தப் பழைய மீன்வலையைக் கம்பத்தில் கட்டியவன் நான்தான். தலை நுழையும் ஓட்டை, பார்த்தேன். வீட்டுக்கு வீடு வலை முடையும் ஊரில் ஐந்து நிமிஷ வேலை. மைக் வந்துவிட்டது என்றார்கள். போய்விட்டேன்.