மத்தியான மாத்திரை

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பாத்திமாவுக்கு அப்பா ராயப்பராஜ் எழுதுவது. மாலத்தீவில் நீயும் மாப்பிள்ளை ரொனால்டும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் கழுத்துக்குக் கீழே பூரண நலம். கழுத்துக்கு மேலே நடப்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போன் செய்யும்போதெல்லாம் உன் அம்மாவே பேசிவிடுகிறாள். எனக்குக் கதிர்க் கரண்டு வைத்து வைத்து வாயெல்லாம் புண். இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. பூ மார்க்கெட்டில் இருபத்தெட்டு வருஷம் ஏலம் கூறிய ஆள், இப்போது ஒரு டம்ளர் மோரைச் சிலேட்டில் எழுதிக் கேட்கிறேன். உன் அம்மாவுக்கு இதில் வருத்தம் பாதி, சந்தோஷம் பாதி. கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடிக்கிறாளாம். போனில் தட்டித் தட்டி எழுத எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் பேப்பரில் எழுதுகிறேன், அவள் போட்டோ எடுத்து அனுப்புவாள். படித்துவிட்டுத்தான் அனுப்புவாள் என்பதும் தெரியும்.

முதலில் நல்ல செய்தி. மொத்தம் முப்பத்து மூன்று கரண்டில் இருபத்தாறு முடிந்துவிட்டது. நாக்கில் இருந்த கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார்கள். புகையிலையை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. இதற்கு மேல் என்னைத் திட்ட உனக்கு விஷயம் இல்லை என்று நினைத்திருப்பாய். இருக்கிறது. பொறுமையாகப் படி.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சியில் நான் சேர்ந்திருப்பது உனக்குத் தெரியும். கரண்டோடு சேர்த்து ஒரு மாத்திரையும் கொடுத்தால் இந்த நோய் திரும்பி வராமல் இருக்குமா என்று பார்க்கிறார்கள். சேருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் குலுக்கல். பாதிப் பேருக்கு மாத்திரை உண்டு, பாதிப் பேருக்குக் கிடையாது. எனக்கு மாத்திரை விழுந்தது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. தினமும் சாப்பிட்டதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். நோட்டைச் சரிபார்க்கிற பெண் மகேஸ்வரி, நத்தத்துக்காரப் பெண். சிரித்துக்கொண்டே கேள்வி கேட்கும், ஒன்றையும் விடாது.

என்னோடு தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவர் கிதர் முகம்மது. பேகம்பூர்க்காரர், தோல் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை. எனக்கு நாக்கில் என்றால் அவருக்குக் கன்னத்தில். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் எனக்கு என்று வைத்துக்கொண்டோம். உன் அம்மா கொடுத்துவிடும் கேப்பைக் கூழிலும் அவர் வீட்டு நோன்புக் கஞ்சியிலும் ஆளுக்குப் பாதி. அவரும் அதே ஆராய்ச்சியில்தான் சேர்ந்தார். குலுக்கலில் அவருக்கு மாத்திரை விழவில்லை.

அங்கேதான் உன் அப்பன் புத்தி கெட்டுப்போனது. கூழைப் பாதி கொடுத்துவிட்டு மாத்திரையை மட்டும் அவர் பார்க்கப் பார்க்க நான் முழுங்குவதா? எனக்கு இறங்கவில்லை தாயி. ஒருநாள் மத்தியான மாத்திரையை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி போகிற நாளெல்லாம் காலை மாத்திரை எனக்கு, மத்தியான மாத்திரை அவருக்கு. நோட்டில் மட்டும் இரண்டும் சாப்பிட்டேன் என்று அழகாக எழுதிக்கொண்டிருந்தேன். இப்படிப் பதினாறு நாள் ஓடியது.

போன வியாழக்கிழமை மகேஸ்வரி என் நோட்டைத் தூக்கிப் பிடித்து, எல்லாரும் இந்த அய்யா மாதிரி எழுதணும் என்று பத்துப் பேர் முன்னால் பாராட்டிவிட்டது. எடை கூடுவதற்காகப் பூவில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிற தோட்டத்துச் சம்சாரிகளை எத்தனை பேரை நான் சந்தி சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது தண்ணீர் தெளித்தது நான். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தால் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வதோடு போயிருக்கும். ஆனால் நோட்டு மகேஸ்வரியிடம் அல்லவா இருக்கிறது? சிலேட்டை எடுத்து, “பாதி மாத்திரைய பாய்க்கு குடுத்துட்டேன்” என்று எழுதி நீட்டினேன். அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

நாங்கள் இருவரும் டாக்டரம்மா முன்னால் போய் நின்றோம். அவர்கள் முதலில் பாயிடம்தான் பதறிக்கொண்டு கேட்டார்கள், மயக்கம் வந்ததா, வாந்தி வந்ததா என்று. பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு சுண்ணாம்பு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். மகேஸ்வரி திறந்து எண்ணியது. பதினாறு மாத்திரை. ஒன்றுகூடக் குறையவில்லை.

எனக்குப் பேச்சு வராதது அன்றைக்குத்தான் நல்லதாகப் போயிற்று. பாய் என்னைப் பார்த்துச் சொன்னார்: “ராயப்பா, நீ நீட்டுனத வேணாம்னா ஒனக்கு மனசு நோகும். தின்னா ஒன் உசுருல பாதியத் தின்ன மாதிரி. நான் என்னத்தச் செய்ய? அதான் வாங்கி வாங்கி வச்சிருந்தேன்.”

நான் அழுதுவிட்டேன். புண்ணில் கண்ணீர் பட்டு எரிந்தது, அதற்கும் சேர்த்து அழுதேன்.

டாக்டரம்மா கத்தவில்லை. நிதானமாகச் சொன்னார்கள்: “இந்த மாத்திரை நல்லது செய்யுமா கெட்டது செய்யுமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. அதத் தெரிஞ்சுக்கத்தான் இம்புட்டுப் பேரச் சேத்திருக்கோம். நீங்க பாட்டுக்குப் பங்கு போட்டா, அது கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாமயே போயிரும்.” நடந்ததை மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், திங்கட்கிழமை சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாலு நாள் இருக்கிறதே, கட்டி என்று முதலில் சொன்ன அன்றுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. மாத்திரை போய்விட்டால் பிழைக்கிற வழியே போய்விட்டதாக ஒரு நினைப்பு. டாக்டரம்மா அவ்வளவு சொல்லியும் மனசு கேட்கவில்லை. உன் அம்மா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

நேற்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். நான் ஆராய்ச்சியில் இருக்கலாம். பதினாறு நாளும் நடந்தது நடந்தபடி நோட்டில் ஏறிவிட்டது. இனி இரண்டு மாத்திரையும் நான்தான் சாப்பிட வேண்டும், அதுவும் மகேஸ்வரி கண் முன்னால் வாயைத் திறந்து காட்டி. பாய் பக்கத்தில் உட்கார்ந்து, ஏலே முழுங்கிட்டியா என்று சிரிக்கிறார். கூழும் கஞ்சியும் பழையபடி பாதிப் பாதிதான், அதற்கு ஆராய்ச்சியில் தடை இல்லையாம்.

பிறகு மகேஸ்வரி ஒரு தாளை நீட்டியது. சிகிச்சை முடிந்த பின்னும் நான் வந்து காட்ட வேண்டிய தேதிகள். முதலில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. கடைசித் தேதி ஐந்து வருஷம் தள்ளி, ஆகஸ்ட் பத்தொன்பது, காலை பத்து மணி. நாளைக்கு மல்லி என்ன விலை போகும் என்று கேட்டாலே நான் வாய் திறக்க மாட்டேன். இந்தப் பெண் ஐந்து வருஷம் தள்ளி என் பெயருக்கு நேரே மணியையும் போட்டு எழுதியிருக்கிறது. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாய்தான் என்னை எழுப்பினார்.

கூட வருபவர் பெயர் என்று ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் ஒரு கோடு இருக்கிறது. மற்றதற்கெல்லாம் உன் அம்மா பெயரை எழுதினேன். அந்தக் கடைசித் தேதிக்கு மட்டும் உன் பெயர். உன்னைக் கேட்காமல்தான் எழுதினேன். இனி நான் எழுதுவதில் பொய் இருக்கக் கூடாது என்று மகேஸ்வரி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. என் பங்குக்கு அன்றைக்கு நான் இருந்துவிடுகிறேன், தாயி. உன் பங்குக்கு நீ வந்துவிடு.

மாதா உங்கள் இருவருக்கும் துணை நிற்பாளாக.

உன் அப்பா,
ராயப்பராஜ்.