கோயில்மணி 2.3

அனலைதீவு,
12.01.2025

மதிப்புக்குரிய ஐயா,

முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுகிறாளே என்று யோசிக்க வேண்டாம். எழுதச் சொன்னது நீங்கள்தான். உங்கள் 'கோயில்மணி' அலாரத்தில் மூலையில் இருந்த ஒரு பொத்தானை நேற்றுத் தற்செயலாய் அமத்திவிட்டேன். அங்கே இப்படி இருந்தது: 'இது இலவசம். காசு அனுப்ப வேண்டாம். உங்களுக்கு உதவியிருந்தால் ஒரு கடிதம் போடுங்கள். லியோன், நெடுந்தீவு மேற்கு.' தமிழில் இருப்பதால் கனடாவில் யாராவது எங்கள் பெடியன் செய்திருப்பான் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இரண்டு படகும் ஒரு பஸ்ஸும் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று பார்த்ததும் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

என் பெயர் சறோஜினிதேவி. கூட்டுறவுச் சங்கத்தில் லிகிதராய் இருந்து ஓய்வுபெற்றவள். கணவர் செல்வரத்தினம் புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்தவர். போன ஆவணியில் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் அன்றோடு போய்விட்டது, ஒரு சொல் கூட இல்லை. பிறகு வலிப்பும் வரத் தொடங்கியது. வலிப்புக் குளிசையைக் காலை ஐந்துக்கும் மாலை ஐந்துக்கும் கொடுக்க வேண்டும், பிந்தவே கூடாது என்று டொக்ரர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். கார்த்திகையில் ஒருநாள் நான் அயர்ந்துபோய் ஏழு மணிக்கு எழும்பினேன். அன்று அவருக்கு வந்த வலிப்பை என்னால் எழுத ஏலாது.

போனில் அலாரம் வைத்தால் நித்திரையிலேயே கை போய் அதை நிற்பாட்டிவிடுகிறது. என் கையை நானே நம்ப முடியாமல் போனது. மகள் தர்சனா பிரான்சுக்குப் போக முதல் பாவித்த பழைய கணினி விறாந்தையில் இருந்தது. அவள் அங்கிருந்து போனில் சொல்லச் சொல்ல, நானே உங்கள் மணியை அதில் ஏற்றினேன்.

உங்கள் மணி பொல்லாத மணி. எழும்பி விறாந்தைக்குப் போய், பதினேழும் இருபத்தாறும் எத்தனை என்று அது கேட்கிற கணக்குக்கு விடை எழுதினால்தான் வாயை மூடும். முதல் கிழமை உங்களைத் திட்டாத நாளில்லை. ஆனால் ஆறு கிழமையாய் ஒரு குளிசையும் பிந்தவில்லை, வலிப்பும் வரவில்லை. எங்கேயோ ஒருவர் தன்பாட்டில் இருந்து செய்து, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்ட பொருள் என் புருசனின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாய் இருக்கிறது.

குறையும் ஒன்று உண்டு. எழுத்து நல்ல சின்னன், என் கண்ணுக்குக் காணாது.

உங்களையும் வீட்டாரையும் ஐயனார் காக்கட்டும்.

இப்படிக்கு,
செ. சறோஜினிதேவி


நெடுந்தீவு மேற்கு,
30.01.2025

அன்புள்ள அக்கா,

ஐயா என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு முப்பத்துநான்கு வயது. தம்பி என்றே எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் நான்கு தரம் வாசித்தேன். அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டா. கோயில்மணியை இணையத்தில் போட்டு ஒன்பது வருசம். மூவாயிரத்து நானூறு பேருக்கு மேல் இறக்கியிருக்கிறார்கள் என்று அந்தப் பக்கம் காட்டுகிறது. கடிதம் போட்டது நீங்கள் ஒருவர்தான். தபால்காரர் நீட்டியபோது, ஏதோ வழக்கு விசயமாக்கும் என்று பயந்துதான் வாங்கினேன்.

நான் இங்கே மின்நிலையத்தில் இயந்திரம் பார்க்கிறவன். மற்றவர்கள் கரம்போட் விளையாடுகிற நேரத்தில் நான் புரோகிராம் எழுதுவேன், அவ்வளவுதான். விடியக் கடமைக்கு எழும்ப முடியாமல் எனக்காகத்தான் இதைச் செய்தேன். நீங்கள் கேட்கிற சத்தம் எங்கள் கோயிலின் மணி. கோபுரத்துக்குக் கீழே நின்று போனில் பதிந்தது. கூர்ந்து கேட்டால் மூன்றாவது அடிக்குப் பிறகு ஒரு மாடு கத்தும். அதை வெட்டி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா, குளிசையைப் பற்றி வாசித்த நேரத்திலிருந்து எனக்குப் பயம் பிடித்திருக்கிறது. விளையாட்டாய்ச் செய்த ஒன்றை நம்பி ஒரு மனிதரின் உயிர் இருக்கலாமா? மூன்று நாள் இருந்து உள்ளே உள்ள ஒவ்வொரு வரியையும் திரும்பப் பார்த்தேன். பிழை ஒன்றும் காணவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி 2.3 என்று புதிய பதிப்புப் போட்டிருக்கிறேன், மகளிடம் சொல்லி அதை ஏற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணைக்காக அம்மா செபமாலை சொல்லுகிறா. அவர் பெயரைச் சரியாய்ச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறா.

அன்புடன்,
லியோன்


அனலைதீவு,
09.03.2025

அன்புள்ள தம்பி லியோன்,

2.3 வந்து சேர்ந்தது. எழுத்து இப்போது கடைப் பலகை அளவில் இருக்கிறது. மாட்டையும் கேட்டேன். கேட்கத் தொடங்கிய பிறகு அதுதான் முதலில் கேட்கிறது, நீர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பிந்திப் பதில் எழுதுகிறேன் என்று கோபியாதையும். இங்கே நாட்கள் ஒன்றைப்போல ஒன்று. காலை மணி, குளிசை, கஞ்சி, துடைப்பது, பிரட்டிப் படுக்க வைப்பது, மாலை மணி, குளிசை. தொடக்கத்தில் ஊரார் வந்து பார்த்தார்கள். இப்போது ஒழுங்கையில் கண்டால் எப்படி என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அவர்களோடும் கோபம், என்னோடும் கோபம்.

மறைக்காமல் எழுதுகிறேன். அவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. கண் கூரை முகட்டில் இருக்கும். ஊட்டினால் விழுங்குவார். போன கிழமை தர்சனா போனில் அழுதபோது எனக்குப் பொறுமை கெட்டுவிட்டது. 'கொப்பர் போயிட்டார் பிள்ளை, நான் பாக்கிறது அவரின்ரை உடம்பைத்தான்' என்று சொல்லிவிட்டேன். அவரின் கட்டிலில் இருந்துகொண்டுதான் சொன்னேன். கேட்கப்போகிறதா என்ன. சொன்ன பிறகு மனம் இலேசானது போலவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது. இதை எழுத உம்மைத் தவிர எனக்கு ஆள் இல்லை. முகம் பாராத ஆளுக்குத்தான் சில விசயம் எழுத வருகிறது.

இரண்டு கிலோ வெங்காயம் படகுக்காரச் சுதனிடம் கொடுத்துவிட்டேன். அவன் ஊர்காவற்றுறையில் பஸ்ஸில் ஏற்றுவான், பஸ்காரர் குறிகட்டுவானில் உங்கள் படகில் ஏற்றுவார். அம்மாவிடம் கொடும். செபமாலைக்கு வேறு என்ன நான் தர.

அன்பு அக்கா,
சறோஜினிதேவி


நெடுந்தீவு மேற்கு,
18.04.2025
பெரிய வெள்ளி

அக்கா,

இதைக் கண்ட உடனே போனில் அலாரம் வையுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். கோயில்மணி நேற்று இரவு தொடக்கம் அடிக்காது. நாளை இரவு வரை அடிக்காது. கணினி பழுதில்லை, நான்தான் காரணம்.

எங்கள் வழக்கம் இது. பெரிய வியாழன் பூசையில் மணி அடித்தால் பிறகு சனி இரவு உயிர்ப்புப் பூசைக்குத்தான் அடிக்கும். நடுவில் ஆண்டவர் கல்லறையில் இருக்கிறார், மணி பேசாது. மரப்பலகையைத்தான் தட்டுவார்கள். கோயில்மணியை நான் செய்த முதல் வருசம் பெரிய வெள்ளி விடியப்புறம் என் கணினி மணி அடித்துவிட்டது. அம்மா கொதித்துப்போனா. 'கோயில் மணியே பேசாமல் இருக்கேக்கை உன்ரை பெட்டி கத்துதோ' என்று கேட்டா. அன்றே பத்து வரி எழுதிச் சேர்த்தேன். உயிர்ப்பு ஞாயிறு வருசா வருசம் பூரணையைப் பார்த்து மாறும். அந்தக் கணக்கைத் தேடிப் பிடித்து, இனி வருகிற எல்லா வருசத்துக்கும் சரியாய் வருகிற மாதிரி எழுதினேன். எனக்கு அதில் பெருமை வேறு. பிறகு எல்லோருக்கும் என்று இணையத்தில் விட்டபோது அந்தப் பத்து வரியும் உள்ளே இருந்தன.

தை மாதம் வரிவரியாய்ப் பார்த்தேன் என்று எழுதினேனே, அப்போதும் அதைக் கண்டேன். பிழை என்று என் கண் எடுக்கவில்லை. மணி என்றால் அன்று அடிக்காதுதானே என்று தாண்டிப் போய்விட்டேன். இன்று காலை சிலுவைப்பாதையில் பலகைச் சத்தம் கேட்ட பிறகுதான் உங்கள் வீடு நினைவில் வந்தது. நடுவில் எழும்பி ஓடி வந்துவிட்டேன்.

உங்கள் போன் நம்பரை நான் கேட்டு வைக்கவில்லை. எங்கள் பங்குச் சுவாமியாரிடமும் உங்கள் ஊர் நம்பர் ஒன்றும் இல்லை. இன்று பகல் தொடக்கம் நாளை முழுக்க இயந்திரத்துக்கு நான் ஒருவன்தான், விட்டுவிட்டு வந்தால் தீவு முழுக்க இருட்டு. இதை முதல் படகில் கொடுத்துவிடுகிறேன், உங்கள் வெங்காயம் வந்த வழியால் வரட்டும். என் நம்பர் கடித உறையில் இருக்கிறது.

அண்ணைக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி அனுப்புங்கள். அது எந்த வரியாக இருந்தாலும் அனுப்புங்கள்.

லியோன்


அனலைதீவு,
19.04.2025

அன்புள்ள தம்பி,

'அண்ணை சுகம்' என்று மத்தியானம் போனில் அனுப்பியது கிடைத்திருக்கும். மிச்சத்தை வாயால் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நடுவில் எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளும்.

வெள்ளி விடிய மணி அடிக்கவில்லை. நான் பிணம்போலத் தூங்கினேன். நித்திரையில் யாரோ என் பெயரைச் சொன்னார்கள். மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். திரும்பவும் சொன்னார்கள். கரகரத்த, பழக்கமில்லாத குரல். கண்ணைத் திறந்தேன். அவர் முகத்தை என் பக்கம் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'சறோ,' என்றார். 'மணி அடிக்கேல்லை.'

எட்டு மாதம், தம்பி. எட்டு மாதத்தில் முதற் சொற்கள். என்னை எழுப்பத்தான் அவருக்கு வாய் திறந்தது. நேரம் ஐந்து இருபது. குளிசை கொடுத்தேன், தண்ணீர் பாதி அவர் நெஞ்சில் ஊற்றுண்டது. வலிப்பு வரவில்லை. மாலை மணியும் அடிக்கவில்லை, கணினி பழுதென்று நினைத்து நேரத்தைப் பார்த்துக் கொடுத்தேன். உம்முடைய கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது.

பிறகு கட்டிலடியில் இருந்து யோசித்தேன். அவருக்கு ஐந்து மணி ஆனது எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு நாளும் எனக்கு முதலே முழித்து, மணிக்காகக் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அது வராமல் போக, இருபது நிமிசம் அந்த ஒரு சொல்லுக்காக அவர் என்ன பாடு பட்டாரோ. நான் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் விளங்காதவர் என்று ஊருக்கெல்லாம் நான் சொன்ன மனிதர் அவர்.

அப்படியென்றால் மகளிடம் நான் சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. 'நான் தர்சனாவோடை கதைச்சது உங்களுக்குக் கேட்டதோ' என்றேன். கொஞ்ச நேரம் வாயைக் கோணிக் கோணிப் பார்த்தார். 'ஓம்' என்றார். நான் கட்டில் சட்டத்தில் தலையைக் குத்திக்கொண்டு இருந்தேன். சரியான கை இடது கைதானே, அதைத் தூக்கி என் தலையில் வைத்தார். எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்று தெரியாது.

உம்மோடு கோபமோ என்றால், நேற்று அவருக்கு ஏதும் நடந்திருந்தால் உம்மை ஏழு பிறப்புக்கும் மன்னித்திருக்க மாட்டேன். இன்று கும்பிடத் தோன்றுகிறது. இது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. உங்கள் வேதமும் எனக்குத் தெரியாது. இங்கே ஐயனாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தேன். அங்கே உங்கள் கோயிலில் என் பேரில் ஒரு மெழுகுதிரி கொளுத்தும். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாதபோது இரண்டு பக்கமும் சொல்லி வைப்பதுதான் சரி.

அக்கா


நெடுந்தீவு மேற்கு,
06.05.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் ஒரு வரி வந்தபோது இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த இரைச்சலில் அழுதால் ஒருவருக்கும் கேட்காது, அதனால் நன்றாய் அழுதேன். கடிதம் வந்த அன்று அம்மா அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு கோயிலுக்குப் போனா. மெழுகுதிரி உங்கள் பேரில் ஒன்று, அண்ணை பேரில் ஒன்று கொளுத்தினா.

ஆனால் எனக்கு நித்திரை இல்லை, அக்கா. உங்கள் வீட்டில் நடந்தது ஒரு அதிசயம். மற்ற வீடுகளில் என்ன நடந்தது? ஒன்பது பெரிய வெள்ளி போயிருக்கிறது. மூவாயிரம் பேரில் யார் எதற்காக மணி வைத்தார்களோ, யார் எதைத் தவற விட்டார்களோ, ஒருவரும் எழுதவில்லை. நான் இருந்த இடத்தில் இருந்து அழுத்திய பத்து வரி அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அந்த வரிகளை எடுத்துவிட்டு 2.4 போட்டிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன். 'மருந்து குடிக்கிற சனத்துக்கு அடிக்கட்டும், ஆண்டவர் கோவிக்க மாட்டார்' என்றா. நீங்களும் 2.4 ஏற்றிக்கொள்ளுங்கள். என் மணியைப் பற்றி எனக்கு எழுதுகிற ஒரே ஆள் நீங்கள். தொடர்ந்து எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
லியோன்


அனலைதீவு,
22.07.2025

அன்புள்ள தம்பி லியோன்,

நல்ல செய்தியும் உமக்குக் கவலை தருகிற செய்தியும் ஒன்றாய் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணைக்குக் கிழமைக்கு ஒரு தரம் பேச்சுப் பயிற்சி நடக்கிறது. நாற்பது சொல் வரை வந்துவிட்டது. அதில் பாதி எனக்கு ஏசுகிற சொல். கஞ்சியில் உப்புக் காணாது என்று முதன்முதல் சொன்ன அன்று ஊரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. தர்சனாவோடு போனில் நான்கு சொல் கதைத்தார்.

காலை ஐந்துக்கு இப்போது அவரே என்னைக் கூப்பிடுகிறார். வெள்ளிக்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை. முதல் ஒரு மாதம் நீர் சொன்னபடி 2.4 ஏற்றி, மணியும் வைத்துத்தான் பார்த்தேன். அவர் முந்திக்கொள்வார், மணி பின்னால் அடிக்கும், அவருக்கு முகம் வாடிவிடும். அதனால் போன மாதம் கோயில்மணியைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டேன். டொக்ரர் ஏசுவார் என்று போனில் மட்டும் ஐந்து பத்துக்கு ஒன்று வைத்திருக்கிறேன், இன்னும் ஒருநாளும் அது அடிக்க நேரவில்லை. நன்றி கெட்டவள் என்று எண்ணாதையும். எடுக்கிற நேரம், உறுதியாகவா என்று அது கேட்டது. உடனே ஓம் என்று அமத்த என்னால் முடியவில்லை, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் அமத்தினேன்.

மற்ற மூவாயிரம் பேரை நினைத்துத் தேயாதையும். நானும் ஐயனாரிடம் அவர்களுக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவருக்குத் தெரியாத ஒன்றை உமக்கு மட்டும் சொல்லுகிறேன். எனக்கு நாலரைக்கே முழிப்பு வந்துவிடுகிறது. எழும்ப மாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். ஐந்தாகும்போது அவர் தொண்டையைச் செருமுவது கேட்கும். முதல் தரம் கூப்பிட்டால் அசைய மாட்டேன். இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் எழும்புவேன்.

உம்முடைய அக்கா,
சறோஜினிதேவி